பருத்திப்பட்டுக் கூவமும் பேட்டைக் கூவமும்

எங்கள் பருத்திப்பட்டு வழியாக வரும் கூவம்தான் சிந்தாதிரிப்பேட்டையை வளைத்துக்கொண்டு கடலுக்குப் போகிறது. இது மண்டையில் ஏறியதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. குடியிருப்பின் வாட்ஸாப் குழுவில் 'ஞாயிறு காலை பேட்டை நடை' என்று போட்டேன். வந்தவர்கள் ஐந்து பேர். அவர்களுக்குப் பிடித்தால்தான் அடுத்த நடை. இல்லையென்றால் குழுவில் என் மானம் கப்பலேறிவிடும்.

ஆவடியில் ரயிலேறி, சென்ட்ரலில் இறங்கி நடந்தோம். சிந்தாதிரிப்பேட்டை, நெசவாளர்களைக் குடியமர்த்த உருவான இடம். சின்னத் தறிப் பேட்டைதான் இப்படிப் பெயர் திரிந்தது என்பார்கள். இன்று தறி இல்லை, மீன் சந்தையின் கூச்சல்தான்.

"நம்ம ஊர்ப் பருத்திதான் இங்க வந்து துணியாச்சு!" என்றேன்.

"யாரு சொன்னா?" என்றார் மேல்மாடி அக்கா. கோவில்பட்டிக்காரர்.

"நான்தான்கா. ஒரு யூகம்."

"பருத்தின்னா எங்க கரிசல்ல வந்து பாரு. இதுக்கா என் தூக்கத்தக் கெடுத்தே?"

நாற்றம் வேறு. எல்லார் மூக்கிலும் கைக்குட்டை. நான் வரைபடத்தை விரித்துக் கரையோர வீடுகளைக் காட்டினேனோ இல்லையோ, மீன்கடை அம்மா கத்தியோடு எழுந்துவிட்டார்.

"இன்னாபா, காயிதத்த வெச்சிகினு ஊட்டக் காட்றே? அளக்க வந்துகீறியா?"

வீடுகளைக் காலி செய்ய வந்தவன் என்று நினைத்துவிட்டார். பதறிப்போனேன். "ஐயோ இல்லம்மா! நாங்க ஆவடிப் பக்கம். அங்கயும் இதே கூவம்தான் ஓடுது."

"போ நைனா, இது சாக்கடைலேர்ந்து வருது."

மழை முடிந்ததும் எடுத்த பருத்திப்பட்டுத் தடுப்பணைப் படத்தைப் போனில் காட்டினேன். தெளிந்த நீர், கொக்குகள், வலையோடு ஒருவர். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, அம்மா அந்த வலையைப் பெரிதாக்கிப் பார்த்து, பக்கத்துக் கடைக்காரியைக் கூப்பிட்டார்.

"ஜிலேபி மீனு! யக்கா, இங்க வா, நம்ம கூவம் மேலாண்ட கண்ணாடி மாரி கீது!"

போன் கடை கடையாகப் போய், செதில் ஒட்டித் திரும்பியது. கைக்குட்டைகள் எப்போது இறங்கின என்று தெரியவில்லை.

"எங்கள இட்னு போய்க் காட்டு" என்றார் அம்மா.

"வர்ற ஞாயிறு வாங்கம்மா."

"ஞாயித்துக்கெழம யாவாரத்த நீயா பாப்பே? திங்கக்கெழம வெச்சிக்கோ."

திரும்பும் ரயில் அண்ணனூரைத் தாண்டியபோது, மேல்மாடி அக்கா குழுவில் ஏதோ தட்டினார். எட்டிப் பார்த்தேன்.

'திங்கள் நான் லீவு. யூகத்தைக் கேக்க இல்ல, மீன்காரம்மா கூட நடக்க.'