ஒஸ்வால்டுக்குப் பிடித்த பாண்ட்

கொட்டாஞ்சேனைக்கு வந்து, "ஹாபரில் கப்பல் வின்ச் ஓட்டுகிற ஒஸ்வால்ட் வீடு எது?" என்று கேட்டால் ஒருவருக்கும் பிடிபடாது. "செத்தவீட்டு பாண்டுக்குப் பின்னால் போகிற ஒஸ்வால்ட்" என்று கேட்டால் போதும், சின்னப்பிள்ளையே கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய் வாசலில் விடும்.

மற்றவர்களுக்குப் பாட்டு என்றால் ரேடியோ. அவர் மனைவி இமெல்டா அடுப்படியில் நின்றுகொண்டே சினிமாப் பாட்டு முழுவதையும் கூடப் பாடுவாள். மகள் பேர்ணடெற்றுக்கு பைலா கேட்டால் கால் நிற்காது. ஒஸ்வால்டுக்கு இதெல்லாம் ஒரு காதால் வந்து மறு காதால் போய்விடும். ஜம்பட்டா வீதியில் பெட்டியைத் தோளில் வைத்து, முன்னால் பாண்டை விட்டு, ஆட்கள் அடிமேல் அடி வைத்து வருவார்களே, அப்போது வாசிக்கிற ஸ்லோ மார்ச் இருக்கிறதே, அதுதான் அவருக்குப் பாட்டு. அதைக் கேட்டால் தேத்தண்ணீர்க் கோப்பையைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பிவிடுவார். செத்தது யார், எந்த வீடு, ஒன்றும் கேட்கமாட்டார். கடைசி ஆளுக்குப் பின்னால் சேர்ந்து மாதம்பிட்டிய மயானம்வரை நடப்பார்.

தேத்தண்ணீர்க் கடை புவாத் சும்மா விடுவானா?

"என்ன ஒஸ்வால்ட் அண்ணன், இன்டைக்கு மையத்து ஒண்டும் கெடைக்கல்லியா? மொகம் வாடிக் கெடக்கு."

"போடா. ஒன்ட கடைக்கு முன்னால ஒண்டு போகும், அப்ப சிரி."

"எங்கட மையத்துக்கு பாண்ட் இல்ல அண்ணன். நீங்க பின்னால வரவே மாட்டீங்க. நிம்மதி!"

இன்னொரு கூத்தும் உண்டு. அந்தக் காலத்தில் பெட்டியை மூடுவதற்கு முன் குடும்பமெல்லாம் சுற்றி நின்று ஒரு படம் எடுப்பார்கள். எல்லாரும் அழுகையில் இருப்பார்கள். சட்டைக் கையில் கறுப்பு நாடா குத்தி, கையைக் கட்டிக்கொண்டு, தலை குனிந்து நிற்கிற மனிதரைப் பார்த்தால், ஆரோ பெரியப்பா முறை என்று நினைத்து முன்வரிசைக்கு இழுத்துவிடுவார்கள். இப்படிக் கொட்டாஞ்சேனையில் எத்தனையோ குடும்பங்களின் படத்தில் ஒஸ்வால்ட் நிற்கிறார். பல வருடம் கழித்துப் படத்தை எடுத்துப் பார்க்கிறவர்கள், "இது ஆர்? அம்மாட பக்கமா, அப்பாட பக்கமா?" என்று சண்டை பிடிப்பார்கள்.

"ஏன் மனிசா உங்களுக்கு இந்தக் கெட்ட ஆசை?" என்று இமெல்டா கேட்காத நாள் இல்லை.

அவருக்கு விளங்கப்படுத்தத் தெரியாது. விடிந்தால் சங்கிலிச் சத்தம், இரும்புச் சத்தம், மேலே இருந்து ஒருவன் கத்த, கீழே இருந்து ஒருவன் தூஷணத்தில் திருப்பிக் கத்துவது, இதுதான் ஹாபர். அங்கேயிருந்து வருகிற மனிதருக்கு, அந்த ஒரு பாட்டுக்குத்தான் உலகம் அவசரமில்லாமல் நடக்கிறது. பஸ்காரன்கூட ஹோர்ன் அடிக்கமாட்டான். எல்லாக் குழலும் மேலே அழுதுகொண்டு போக, அந்தப் பெரிய குழல் மட்டும் அடியில் இறங்கி மற்றவற்றைத் தாங்கிப் பிடிக்கும். அந்த இடம் வரும்போது அவருக்கு நெஞ்சு நிறைந்துவிடும். இதை எப்படிச் சொல்வது? "நல்லாயிருக்கு, அதான்," என்பார்.

பேர்ணடெற் வெள்ளவத்தைப் பையன் ஒருவனை விரும்பிக் கட்டினாள். யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பம். பையனின் தகப்பன் நாகேந்திரம் அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கராக இருந்து பென்சன் எடுத்தவர். தாய் அருந்ததி ஆசாரம் பார்க்கிறவள். ஆனாலும் மருமகளைத் தங்கமாக வைத்திருந்தாள். பேர்ணடெற்றுக்குப் பிள்ளைப்பேறு நெருங்கியபோது, கொட்டாஞ்சேனை வீட்டில் ஒரு அறைதானே என்று அவளே தன்னுடன் வைத்துக்கொண்டாள்.

பாணுக்கும் கியூ, சீனிக்கும் கியூ என்று கொழும்பு முழுக்கக் கால் கடுக்க நின்ற காலம் அது. ஒரு பின்னேரம் ஒஸ்வால்ட் ஆரோ ஒருவரின் பெட்டிக்குப் பின்னால் மாதம்பிட்டியவில் நிற்கும்போது, பேரன் பிறந்துவிட்டான் என்று ஆள் வந்து சொன்னது. பேரன்! கிழவருக்கு வேறு என்ன வேண்டும்? பெட்டி இறங்கும் முன்னரே ஓடினார். பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவனுக்குச் சொன்னார், கண்டக்டருக்குச் சிங்களத்தில் சொன்னார், ஆஸ்பத்திரி வாசலில் நின்ற காவல்காரனுக்கும் சொன்னார். உள்ளே போய்ப் பிள்ளைக்குக் கையை நீட்டினால், அருந்ததி பிள்ளையோடு இரண்டடி பின்னுக்குப் போனாள்.

"அண்ணை, உது என்ன கையிலை?"

பார்த்தால், கறுப்பு நாடா. கழற்ற மறந்துபோனார்.

"செத்தவீட்டாலை நேரை வாறியளோ? பச்சைப் பிள்ளையைத் தூக்கவோ?"

"அது... தெரியாத ஆள் தங்கச்சி..."

"தெரியாத ஆளோ! தெரியாத ஆளின்ரை செத்தவீட்டுக்கு ஏன் போனனீங்கள்?"

ஒஸ்வால்ட் நாடாவைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் திணித்தார். துணிச்சுருளுக்குள் ஒரு சின்ன மூக்கு மட்டும் தெரிந்தது. அதைக் கண்டதோடு சரி.

அருந்ததி கடைசியில் தணிந்துதான் சொன்னாள். முப்பத்தோராம் நாள் பிள்ளைத் துடக்கு, தீட்டெல்லாம் கழிய வீட்டுக்கு வரட்டும், ஆசைதீரத் தூக்கட்டும். அதுவரையில் ஒரு செத்தவீட்டு வாசலும் மிதிக்கக்கூடாது. மிதித்தால் பிள்ளையின் பக்கமே வரவேண்டாம்.

"சத்தியமா மிதிக்கமாட்டன்," என்றார் ஒஸ்வால்ட்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். ஆனால் பட்ட பாடு! வீதியில் பாண்ட் கேட்டால் உள்ளே போய்க் கட்டிலில் இருந்து தலையணையால் இரண்டு காதையும் பொத்துவார். ஒருநாள் இமெல்டாவுக்கே பாவமாகிவிட்டது.

"யன்னலால பாருங்களன். பாத்தா என்ன, துடக்கா?"

"பாத்தா கால் போயிடும் இமெல்டா. அந்த மூக்கை நான் தூக்கோணும்."

முப்பத்தொன்று கிட்டவந்தது. பேரனுக்கு என்ன கொண்டுபோவது? இமெல்டா லவ் கேக் செய்தாள். ஒஸ்வால்டுக்குத் தன் பங்குக்கு உலகத்தில் ஆகச் சிறந்ததைக் கொடுக்கவேண்டும் என்று மனம் கிடந்து துடித்தது. பாண்ட் மாஸ்டர் பேர்னாட்டிடம் போனார்.

"உமக்கு இல்லாமலா? எல்லாரும் அழுதுகொண்டு நிப்பாங்க, எங்கட வாசிப்பைக் கேக்கிறது நீர் ஒராள்தானே. நாலு பேர் வாறம். சாப்பாடு போட்டாச் சரி," என்றான் பேர்னாட்.

"ஆனா ஸ்லோ மார்ச் வேண்டாம். பெருநாள் பாட்டு. சந்தோசமான பாட்டு."

"எனக்கு விளங்காதா? அந்தோனியார்ட சுருவம் தூக்கிற நேரம் வாசிக்கிறதை வாசிப்பம்."

இதில் ஒஸ்வால்டுக்கு ஒரு பிழையும் தெரியவில்லை. கொட்டாஞ்சேனையில் அந்தோனியார் பெருநாளுக்கும் அதே பாண்ட்தான், கலியாணத்துக்கும் அதே பாண்ட்தான், அடக்கத்துக்கும் அதே பாண்ட்தான். பாட்டு மாறினால் சங்கதி மாறிற்று. வெள்ளவத்தையில் நல்ல காரியத்துக்கு மேளமும் நாதஸ்வரமும் என்பதும், சம்பந்தி வீட்டுத் தெருவான அந்த ஒழுங்கைக்குள் பாண்ட் வந்ததென்றால் ஒரே ஒரு காரியத்துக்குத்தான் என்பதும் அவர் நினைத்தே பார்க்காத விஷயம்.

அன்றைக்கு ஒஸ்வால்டுக்கு வெள்ளைக் களிசான், வெள்ளைக் கோட்டு. பக்கத்தில் லவ் கேக் பெட்டியோடு இமெல்டா. முன்னால் தங்க நிறக் கரை வைத்த உடுப்போடு நான்கு பாண்ட்காரர். கடலைப் பார்த்து இறங்குகிற அந்த ஒழுங்கையின் முகப்பில் நின்று, பேர்னாட் குழலை வாயில் வைத்தான். நல்ல துள்ளுகிற பாட்டுத்தான். ஆனால் பாட்டு துள்ளுகிறதா அழுகிறதா என்று ஆராய அங்கே யார் காத்திருந்தார்கள்?

ஒழுங்கையில் நமசிவாயம் என்று ஒரு பழைய ஸ்டேஷன் மாஸ்டர், நாகேந்திரத்தின் அடுத்த வீடு, நெடுநாளாகப் படுக்கையில். பாண்ட் கேட்டதும் கதவெல்லாம் திறந்தது. "ஐயோ, ஸ்டேஷன் மாஸ்டர் போயிட்டார்!" என்று ஒருத்தி சொல்ல, பத்துப் பேர் சால்வையும் குடையுமாக அந்த வீட்டுக்கு ஓடினார்கள். அடுப்படியில் நின்ற மனைவி இரத்தினம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டு வருகிற சனத்தைக் கண்டு, உள்ளே எட்டியும் பார்க்காமல் தலையில் அடித்துக்கொண்டு குழறத் தொடங்கினாள்.

அறைக்குள் இருந்து சத்தம் வந்தது.

"இரத்தினம்! ஏனப்பா அழுகிறாய்? ஆர் செத்தது?"

"நீங்கள்தானப்பா!" என்றாள் இரத்தினம்மா, அழுகையை நிற்பாட்டாமல்.

"எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே."

ஒழுங்கையில் அழுகை நின்று சிரிப்புக் கிளம்பியது. நாகேந்திரம் வீட்டு வாசல் படலையில் மட்டும் சிரிப்பு இல்லை. பாண்ட்காரருக்குப் பின்னால் சம்பந்தியைக் கண்ட அருந்ததி படலையைச் சாத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணை, என்ன வேலை இது? துடக்குக் கழிக்கிற நாளிலை செத்தவீட்டு பாண்டை வாசலுக்குக் கொண்டு வந்திட்டியள்!"

"பெருநாள் பாட்டுத் தங்கச்சி... எங்கட பக்கம் சந்தோசத்துக்கும்..."

"உந்தக் குழலெல்லாம் எத்தினை பிணத்துக்கு முன்னாலை போயிருக்கும்! இண்டைக்குப் பிள்ளையைத் தூக்கேலாது. போட்டு வாங்கோ."

"மிஸ்டர் ஒஸ்வால்ட், கொஞ்சம் யோசிச்சிருக்கலாம்," என்று நாகேந்திரம் பின்னால் நின்று மெதுவாகச் சொன்னார். உள்ளே பேர்ணடெற் பிள்ளையை வைத்துக்கொண்டு நிற்பது யன்னலில் தெரிந்தது. சின்னக் கால் ஒன்று துணிக்கு வெளியே உதைத்துக்கொண்டு இருந்தது. ஒஸ்வால்டுக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு மாதமாகத் தலையணையால் காதைப் பொத்தினது இதற்கா?

அந்த நேரம் இரத்தினம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"தம்பி, பாண்ட்காரத் தம்பி, உங்களை அவர் வரட்டாம். வாசிக்கட்டாம்."

"என்ன வாசிக்கிற அம்மா?"

"செத்தவீட்டுக்கு வாசிக்கிறதுதானாம். தனக்கு வாசிக்கேக்கை தனக்குக் கேளாதாம். வந்தது வந்தாச்சு, இப்பவே கேட்டு வைக்கப்போறாராம். நான் என்னத்தைச் சொல்ல! விசர் மனுசன்."

நோயாளியின் ஆசை. அருந்ததியாலும் மறுக்க முடியாது. பேர்னாட் சிரித்துக்கொண்டு திரும்பினான்.

"வாரும் ஒஸ்வால்ட். உம்மட பாட்டுத்தான். ஒரு மாதமா கேக்காம இருக்கிறீர். பெரிய குழல் இறங்கிற இடத்தை இண்டைக்கு உமக்காக நல்லா இழுத்து வாசிக்கச் சொல்லுறன்."

இமெல்டா கேக் பெட்டியை மற்றக் கைக்கு மாற்றினாள். மனிசன் போகப்போகிறார் என்று அவளுக்கு நிச்சயம். நாற்பது வருடமாகப் பார்க்கிற மனிசன் அல்லவா?

அடுத்த வீட்டு விறாந்தையில் டிரம் மெதுவாக ஒரு தட்டுத் தட்டியது. ஒஸ்வால்டின் தலை அந்தப் பக்கம் திரும்பியது. பிறகு யன்னலுக்குத் திரும்பியது. படலைக் கம்பியைப் பிடித்த கையை அவர் எடுக்கவில்லை.

பாட்டுத் தொடங்கியது. ஒழுங்கை முழுக்க அடங்கியது. அருந்ததி அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"போய்க் கேளுங்கோவன் அண்ணை. உங்கடை பாட்டெண்டு அந்தத் தம்பி சொல்லுது."

"இல்லைத் தங்கச்சி. பாட்டுப் பிறகும் கேக்கலாம். இவன் நாளைக்குப் பெரிசாகி ஓடிடுவான். நான் இதில நிண்டு பாத்திட்டுப் போறன்."

வெய்யில் தலையில் இறங்கியது. மனிதர் அசையவில்லை. கோட்டு முதுகு நனைந்துவிட்டது. அருந்ததி கணவரைப் பார்த்தாள். நாகேந்திரம் வானத்தைப் பார்த்தார். கடைசியில் அவள் படலையை விட்டாள்.

"சரி, வாங்கோ. அப்பிடியே இல்லை! கிணத்தடிக்குப் போய்த் தலையாலை முழுகிப்போட்டு வாங்கோ. என்னப்பா பாத்துக்கொண்டு நிக்கிறியள், அண்ணைக்கு ஒரு வேட்டி எடுத்துக் குடுங்கோ. அக்கா, நீங்கள் உள்ளுக்கு வாங்கோ, கேக் வெய்யிலிலை உருகப்போகுது."

ஒஸ்வால்ட் கிணற்றடிக்கு ஓடின ஓட்டத்தை ஹாபரில் ஒருவரும் கண்டிருக்கமாட்டார்கள். இரண்டு வாளி போதும் என்று இமெல்டா கத்த, ஐந்து வாளி ஊற்றினார். நாகேந்திரம் நல்ல உயரம். அவர் வேட்டி ஒஸ்வால்டின் காலுக்குக் கீழே புரண்டது. அதை ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தலையில் தண்ணீர் சொட்ட, வந்து கதிரையில் இருந்தார். பேர்ணடெற் பிள்ளையை மடியில் வைத்தாள்.

அம்மாடி, என்ன பாரம்! என்ன மணம்! பாலும் வசம்பும் கலந்த மணம். உள்ளங்கை அளவு தலை. பிறகு அந்த மூக்கு. ஒஸ்வால்டின் மூக்கேதான், வேறு ஒருவருக்கும் பங்கில்லை. பிள்ளை அவருடைய ஈர விரலைப் பிடித்துக்கொண்டு, வாயைக் கோணி ஒரு கொட்டாவி விட்டு, நித்திரைக்குப் போனான்.

அடுத்த வீட்டில் பாட்டு இன்னும் முடியவில்லை. இரண்டாம் முறையும் வாசிக்கச் சொல்லி நமசிவாயம் கேட்டுவிட்டார் போல. பெரிய குழல் கீழே இறங்கத் தொடங்கியது.

ஒஸ்வால்ட் பிள்ளையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஆனால் அருந்ததி குனிந்து பார்த்தாள்.

"அண்ணை."

"என்ன தங்கச்சி?"

"காலாலை தாளம் போடாதேங்கோ. பிள்ளை முழிக்கப்போறான்."

"நான் எங்க போடுறன்?" என்றார் ஒஸ்வால்ட்.

"பாருங்கோவன், வேட்டி ஆடுது."

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். ஒஸ்வால்ட் பாதத்தைத் தரையில் அழுத்தி வைத்துக்கொண்டார். பிள்ளை முழிக்கவில்லை.