ராத்தா எடுத்த மூன்று படங்கள்

நீண்ட மேசைக்கு அப்பால் அமர்ந்திருந்த பெரியவர், என் இருபது படங்களையும் சீட்டுப் பிரிப்பதுபோல இரண்டு அடுக்காகப் பிரித்துக்கொண்டிருந்தார். இடப்பக்கத்து அடுக்கு உயர்ந்துகொண்டே போயிற்று. சாகாமக் குளத்தில் சூரியன் இறங்கும் படம் அங்கே போனது. மருதமுனைத் தறியொன்றின் நூலிழைகளுக்கு ஊடாக நான் மூன்று நாள் காத்திருந்து பிடித்த வெளிச்சமும் அங்கே போனது. காரைதீவுக் கரையில் தோணி தள்ளும் ஆட்கள், சூறாவளிக்குப் பிறகு முறிந்து கிடந்த தென்னைகள், எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. வலப்பக்கத்தில் மூன்றே மூன்று படங்கள் கிடந்தன. அவர் அந்த மூன்றையும் தம் பக்கம் இழுத்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, மறுபடியும் பார்த்தார். இவற்றை எடுத்தது யார் என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான்தான் என்று சொன்னேன். எடுத்தது என் ராத்தா, என் மூத்த சகோதரி.

எண்பதுகளின் தொடக்கம் அது. கொழும்பில் படப்பிடிப்பாளர் சங்கமொன்று வருடத்துக்கொரு தடவை எங்களைப் போன்ற வெளியூர்க்காரரை அழைக்கும். அவரவர் தம் நல்ல படங்களைத் தெரிந்தெடுத்து அடுக்கிக்கொண்டு போக வேண்டும். மூத்தவர்கள் ஆளுக்கொரு மேசையில் இருந்து பார்த்துக் கருத்துச் சொல்வார்கள். தேறிய படங்கள் கண்காட்சிக்குப் போகும். பத்திரிகைக்காரர்கள் வந்து பார்க்கும் கண்காட்சி அது. கல்முனையில் ஸ்டூடியோ வைத்து, கலியாண வீட்டிலும் பள்ளிக்கூடத்திலும் வரிசையாக நிற்க வைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்த எனக்கு முப்பத்திரண்டு வயது. அந்தச் சுவரில் என் படமொன்று தொங்கிவிட்டால் வாழ்க்கையே வேறு திசையில் திரும்பிவிடும் என்று நம்பினேன். இருபது படம் வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். எவ்வளவு கொட்டிக் கவிழ்த்தாலும் என்னிடம் தேறியது பதினேழுதான். மீதி மூன்றை ராத்தாவின் பெட்டியிலிருந்து எடுத்துக்கொண்டேன். அவரிடம் சொல்லவில்லை.

ஸ்டூடியோ இருந்ததே ராத்தாவின் வீட்டு முன்னறையில். எங்கள் பக்கத்து வழக்கப்படி வீடு பெண்ணுக்குத்தான். வாப்பா கட்டிக் கொடுத்த வீட்டில் வீதியைப் பார்த்த அறையை ராத்தா எனக்கு விட்டுத் தந்திருந்தார். ராத்தாவின் கணவரான மச்சான் வயல் வாடிக் குடிசையில் தங்கி வேளாண்மை பார்த்தார், வெள்ளிக்கிழமைகளில் வருவார். அடையாள அட்டைக்கும், பிறகு வெளிநாட்டுப் பயணம் தொடங்கிய காலத்தில் பாஸ்போட்டுக்கும் பெண்கள் படம் எடுக்க வரத் தொடங்கினார்கள். காது தெரிய வேண்டும் என்றால் என் முன்னால் முக்காட்டை இழுத்துவிட யாருக்கும் மனம் வராது. பலர் வாசல் வரை வந்து திரும்பிப் போனார்கள். ஒருநாள் ராத்தாவே வந்து, "நீ அங்கால போ, நான் எடுக்கிறன்" என்று கமராவை வாங்கினார். அறையின் குறுக்கே திரை தொங்கியது. ஒரு கிழமையில் வெளிச்சமும் தூரமும் அவருக்குப் பிடிபட்டுவிட்டன.

எங்களிடம் இருந்தது இடுப்பளவில் பிடித்து, மேலிருந்து குனிந்து பார்க்கும் பெட்டிக் கமரா. நான் குனிந்தபடியே இருந்து பொத்தானை அழுத்துவேன். ராத்தா ஒருமுறை குனிந்து சரிபார்ப்பார். பிறகு நிமிர்ந்து அந்தப் பெண்ணோடு கதைக்கத் தொடங்கிவிடுவார். பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டதா, மாமி இப்போது எப்படி, இந்தச் சாறி எங்கே வாங்கியது. கதைக்கும்போதே விரல் அழுத்திவிடும். அலுவலகப் படம் முடிந்ததும் சிலவேளை இன்னொன்று எடுப்பார். அதைப் பிரிண்ட் போட்டு அந்தப் பெண்ணிடமே கொடுத்துவிட்டு, ஒரு பிரதியைத் தன் பெட்டியில் வைத்துக்கொள்வார். அந்தப் பெட்டிக்குள்தான் நான் கை வைத்தேன்.

பெரியவர் மூன்றில் ஒன்றை எடுத்து என் முன்னால் நீட்டினார். சாய்ந்தமருதைச் சேர்ந்த ஒரு பெண். குவைத்துக்கு வேலைக்குப் போகும் முன் எடுத்தது. முக்காடு மடியில் கிடக்கிறது, அவிழ்ந்த கூந்தலை ஒரு கையால் அள்ளிப் பிடித்திருக்கிறாள், சீப்பு வாயில். பக்கத்து வாங்குப் பலகையில் கைக்குழந்தை உறங்குகிறது. சீப்பைக் கடித்தபடியே அவள் எதற்கோ சிரிக்கிறாள். கண் மட்டும் சிரிக்கவில்லை.

"இவள் கமராவைப் பார்க்கவில்லை" என்றார் பெரியவர். "அதற்குச் சற்று மேலே இருக்கிற ஒரு முகத்தைப் பார்க்கிறாள். மூன்று படத்திலும் அப்படித்தான். அது உங்களுடைய முகமா?"

இல்லை, என் சகோதரியினுடையது என்று சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. இடப்பக்கத்து அடுக்கைத் தட்டி நேராக்கி என்னிடம் தந்து, வெளிச்சம் நன்றாக வந்திருக்கிறது என்று மரியாதைக்குச் சொன்னார். அந்த மூன்றையும் பக்கத்து மேசைக்காரர்களையும் கூப்பிட்டுக் காட்டினார். அவர்கள் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தார்கள். அடுத்த வருடம் அவரைக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று சொல்லித்தான் படங்களைத் திருப்பித் தந்தார்.

ஊர் வந்து சேர்ந்தபோது ராத்தா பாஸ்போட் படங்களைக் கத்தரியால் நறுக்கிக்கொண்டிருந்தார். போன காரியம் என்னாயிற்று என்று கேட்டார். அவருக்குச் சந்தோஷம் வரும் என்றே நினைத்தேன். நான் செய்த களவை அந்தப் பாராட்டு மூடிவிடும் என்றும் நினைத்தேன். மூன்று படங்களையும் மேசையில் வைத்து, "உங்கட படந்தான் ராத்தா அவங்களுக்குப் புடிச்சிரிக்கி" என்றேன்.

கத்தரி நின்றது.

"இத எத்தின ஆம்புள பாத்த?"

"ஆறேழு பேர் இரிக்கும்."

"அந்தப் புள்ள முக்காட்டக் கழட்டினது எனக்கு முன்னால. கொழும்புக்கு முன்னால இல்ல." ராத்தா குரலை உயர்த்தவில்லை. "அவ என்னத்துக்கு இப்படி ஒரு படம் எடுக்கச் சொன்ன எண்டு உனக்குத் தெரியுமாடா? வெளிநாட்டால வரக்குள்ள புள்ள முகத்த மறந்திரும், வீட்டில இரிக்கிற மாதிரி ஒண்டு எடுத்து வைங்க ராத்தா எண்டா. அந்தப் புள்ள பாக்கிறதுக்கு எடுத்த படம் இது. என்னை நம்பித் தந்த அமானிதம்."

ராத்தா எழுந்து போய்த் திரையைக் கழற்றி மடித்து அலுமாரியில் வைத்தார். இனிப் படம் எடுப்பதில்லை என்றார். அடுத்த நாள் வந்த பெண்களுக்கு வாசலில் நின்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது, இண்டைக்கு ராத்தா இல்லை என்று. அவர் உள்ளேதான் இருந்தார். நான் சொல்வது அவருக்குக் கேட்கும். இரண்டு கிழமை அப்படிப் போனது. சோற்றைப் போட்டுத் தருவார். என்னோடு கதைக்க மாட்டார்.

பிறகு ஒரு காலையில் படங்களை ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு அவர் வெளியே இறங்கியதைக் கண்டேன். ஒவ்வொரு வீடாகப் போய், நடந்ததை நடந்தபடி சொல்லியிருக்கிறார். தம்பி களவாக எடுத்துப் போனான், கொழும்பில் ஆண்கள் பார்த்துவிட்டார்கள், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு வீட்டில் மாமியார் அவரை வாசலிலேயே வைத்து ஏசித் தீர்த்தாராம். இன்னொரு வீட்டில், கலியாணமாகி மூன்று மாதமான பெண், "வடிவா இரிக்கன் எண்டு சொன்னாங்களா ராத்தா?" என்று கேட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாளாம். இதை ராத்தா வந்து எங்கள் உம்மாவிடம் சொல்லிச் சிரித்தபோதுதான் எனக்கு மூச்சு வந்தது. அன்று பின்னேரமே திரை மறுபடி ஏறியது. பெண்களின் நெகட்டிவ் எல்லாம் ராத்தாவின் அலுமாரிக்குப் போயின. சாவியை அவர் இடுப்பில் செருகிக்கொண்டார்.

மறுவருட அழைப்பு வந்தபோது, கூட்டிக்கொண்டு வரச் சொன்னதை உம்மாவின் முன்னால்தான் அவரிடம் சொல்லத் துணிந்தேன். "நான் எடுத்தத நானே கொண்டு போய்க் காட்டுறன்" என்றார். மச்சான் தலையைச் சொறிந்தார், பிறகு ஓம் என்றார். ராத்தா தெரிந்தெடுத்த ஒவ்வொரு படத்துக்கும் உரியவளிடம் கேட்டார். வேண்டாம் என்றவர்களின் படம் பெட்டிக்குத் திரும்பியது. அந்தச் சாய்ந்தமருதுப் பெண் குவைத்தில் இருந்தாள். அந்நாளில் எங்களூரில் கடிதத்தைவிடக் கசெட்டில் கதைத்து அனுப்புவதுதான் வழக்கம். அவளுடைய உம்மா அனுப்பிய கசெட்டின் கடைசியில் படத்தைக் காட்டலாமா என்று ராத்தாவும் இரண்டு வார்த்தை கேட்டார். ஒன்றரை மாதம் கழித்துப் பதில் வந்தது. அந்தக் கசெட்டை ராத்தா அவளுடைய உம்மா வீட்டுக் கட்டிலில் இருந்து கேட்டாராம். பிள்ளையைப் பற்றியே கதைத்துப் போன குரல், முடிவில் இப்படிச் சொன்னதாம்: "ராத்தா, அது என்ட புள்ளக்கி எடுத்த படம். வேற ஆரும் பாக்க வேணாம்."

அதே மண்டபம், அதே பெரியவர். ராத்தா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு அவர் முன்னால் நேராக அமர்ந்தார். நான் மொழிபெயர்க்கப் பக்கத்தில் நின்றேன். இருபதுக்குப் பதில் ராத்தா கொண்டுவந்த பன்னிரண்டு படங்களையும் பெரியவர் மெதுவாகப் பார்த்து முடித்து, சீப்போடு இருந்த பெண் எங்கே என்று கேட்டார்.

"அவ வேணாமெண்டுட்டா" என்றார் ராத்தா.

அது இருந்தால் நடுச்சுவரில் வைப்பேன் என்று அவர் சொன்னதை நான் தமிழில் சொன்னேன். ராத்தா என்னைப் பார்க்காமல் அவரையே பார்த்து, ஒரு பிள்ளைக்குச் சொல்வதுபோல நிதானமாகத் திரும்பச் சொன்னார்: "அவ வேணாமெண்டுட்டா, சேர்." இதை நான் மொழிபெயர்க்கத் தேவையிருக்கவில்லை. பெரியவர் படங்களை மறுபடி புரட்டினார். பிறகு நான்கைத் தெரிந்தெடுத்தார். என்னிடம் ஆங்கிலத்தில் இரண்டு வசனம் சொன்னார். நான்கு படமும் கண்காட்சிக்குப் போகுது என்ற முதல் வசனத்தை மட்டும் ராத்தாவிடம் சொன்னேன். என்னுடைய படம் அந்த வருடமும் ஒன்றும் தேறவில்லை.

அதற்குப் பிறகு சண்டை மூண்டு நாடு கெட்டுப்போயிற்று. பாதைகள் மூடின, அழைப்புகளும் நின்றன. ராத்தா திரைக்குப் பின்னால் இன்னும் பல வருடம் படம் எடுத்தார். அவர் மௌத்தாகி ஏழு வருடமாகிறது. இப்போது நானும் சிலவேளை மேசையின் மறுபக்கத்தில் இருந்து இளம் பிள்ளைகளின் படங்களைப் பார்க்கிறேன். மடிக்கணினியில் கொண்டுவருகிறார்கள், நூறு, இருநூறு என்று ஓடுகின்றன. கூந்தலை வாரும் பெண், குளிக்கும் பிள்ளை என்று ஏதாவது வந்தால், படம் நல்லதா கூடாததா என்று பார்க்கும் முன்பே, இவரிடம் கேட்டீர்களா என்று என் வாய் கேட்டுவிடுகிறது. சிலர் ஓம் என்கிறார்கள். சிலர் என்னை விளங்காமல் பார்க்கிறார்கள். அவர்களில் நான் என்னைத்தான் காண்கிறேன். அதனால் கோபிக்க முடிவதில்லை.

ராத்தாவை நினைத்தால் எனக்கு முதலில் வருவது திரையோ கமராவோ அல்ல, அந்தக் கொழும்புப் பயணத்திலிருந்து நாங்கள் மட்டக்களப்புக்குத் திரும்பிய ரயில். மாகோ நிலையத்தில் வண்டி நீண்டநேரம் நின்றது. யன்னலோரம் இருந்த ராத்தா திடீரென்று திரும்பி, "அந்த மனிசன் கடைசியா உன்னோட இங்கிலீசில இன்னும் என்னமோ கதைச்சாரேடா, என்னத்த?" என்று கேட்டார்.

சும்மா என்று சொல்ல வாயெடுத்தேன். முடியவில்லை.

"உங்கட சகோதரி உங்கள விட நல்லா எடுக்கிறா, அது உங்களுக்குத் தெரியும்தானே எண்டு கேட்டார், ராத்தா."

"அதுக்கு நீ என்ன சொன்ன?"

"ஓம் எண்டன்."

ராத்தா முக்காட்டு நுனியால் வாயை மூடிக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தார். எதிரில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "அவர் சொல்லித்தானா எனக்குத் தெரியணும்? நீ சொல்றதுக்குத்தான்டா இவ்வளவு நாளாப் போச்சு" என்றார். பிறகு சோற்றுப் பார்சலை மடியில் வைத்து அவிழ்த்து, பெரிய மீன்துண்டை என் பக்கம் தள்ளிவிட்டார்.