அறுகரிசிக்கு ஒளித்த கமெரா

போன கிழமை ஒருநாள் முழுக்க என் போனைக் கண்டு நானே பயந்து திரிந்தேன்.

அது 'டிங்' என்றால் குசினிக்குள் போவேன். இன்னொரு 'டிங்' என்றால் கிணற்றடிக்குப் போவேன். மேசையில் கவிழ்த்து வைத்தேன். கவிழ்த்து வைத்தால் என்ன வந்திருக்கிறது என்று தெரியாதே... நிமிர்த்தினேன். திரையில் 'மச்சான், படம்...' என்ற முதல் வரி மட்டும் தெரிந்தது. திறந்தால் நான் பார்த்தது அவனுக்குத் தெரிந்துவிடும். மறுபடி கவிழ்த்தேன்.

"என்னப்பா, ஆரோடையும் கொழுவிப்போட்டியளோ?" என்றாள் மனைவி.

"தவம் மெசேஜ் போடுறான்."

"உங்கட சிநேகிதன்தானே. எடுத்துக் கதையுங்கோவன்."

கதைக்கலாம். என்னத்தைக் கதைப்பது?

தவம் என்னோடு படித்தவன். சுவிஸில் ஒரு ரெஸ்ரோரன்டில் சமையல்காரன். அவனுடைய விசாக் கதை அவன் அங்கே போன நாளிலிருந்து இழுபடுகிறது. இங்கே வந்தால் திரும்பிப் போக முடியாது. அவனுடைய மகள் கீர்த்தனாவுக்குத்தான் அதற்கு முதல்நாள் நெளுக்குளத்தில் கல்யாணம். சின்னக் கல்யாணம். ஸ்ரூடியோ, ட்ரோன் ஒன்றும் வேண்டாம் என்று பிள்ளையே சொல்லிவிட்டாள். அப்போது எல்லாருக்கும் ஞாபகம் வந்தவன் நான். குளக்கட்டில் குப்புறப் படுத்துக் கொக்குப் படம் எடுக்கிற மனிதரை இந்தப் பக்கத்தில் யாருக்குத்தான் தெரியாது?

கல்யாணத்துக்கு முன்பே தவம் போனில் சொல்லியிருந்தான்.

"மச்சான், மிச்சப் படத்தை நீ எடு, விடு. எனக்கு ஒண்டு போதும். தாலி ஏறேக்க பிள்ளையின்ர முகம். பிரிண்ட் அடிச்சு வேலையில என்ர லொக்கர் கதவில ஒட்டப்போறன்."

"டேய், கொக்கே எனக்கு அசையாமல் நிக்குது. உன்ர மகள் நிக்கமாட்டாளோ?" என்றேன்.

வாய்... வேறென்ன?

இந்த இடத்தில் என் புது லென்ஸைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கல்யாணத்துக்கென்றே வாங்கியது என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன். வந்த நாளிலிருந்து எனக்கு நித்திரை இல்லை. வன்னிப் புழுதி தெரியும்தானே — கதவைப் பூட்டினால் ஜன்னலால் வரும், ஜன்னலைப் பூட்டினால் நினைத்தாலே வரும். லென்ஸுக்கு ஒரு கண்ணாடி மூடி, அந்தக் கண்ணாடியைத் துடைக்க ஒரு துணி, அந்தத் துணியை வைக்க ஒரு பை. சப்பாத்துப் பெட்டிகளில் கிடக்கிற ஈரம் உறிஞ்சும் பைக்கற்றுகளைப் பொறுக்க, தெரிந்தவர்கள் வீட்டுக்கெல்லாம் போனேன். சும்மா வந்ததாகத்தான் சொன்னேன்.

நீங்கள் மட்டும் என்ன திறம்? ரிமோட்டுக்குப் பொலித்தீன் உறை போட்டு, உள்ளே பட்டன் தெரியாமல் அமத்துகிறவர்கள் நம்மில் எத்தனை பேர்? புது செற்றியின் மேல் விரிப்பு, விரிப்பின் மேல் இன்னொரு விரிப்பு, வந்தவருக்குப் பிளாஸ்டிக் கதிரை. ஒரு பொருளை நாம் வாங்குகிறோம். அடுத்த நாளே அது நம்மை வேலைக்கு எடுத்துவிடுகிறது.

சரி, கல்யாணம்.

மணவறைக்குப் பக்கத்தில் தவத்துக்கென்று ஒரு கதிரை போட்டிருந்தார்கள். கதிரையில் ஒரு சோடாப் போத்தல். அதில் சாய்த்து வைத்த போனில் தவம். வீடியோ கோலில், சமையல் தொப்பியோடு, பக்கத்தில் ஏதோ ஆவி பறக்க அவன் மகளின் கல்யாணத்துக்கு வந்திருந்தான். வந்தவர்கள் அந்தக் கதிரைக்கு முன்னால் குனிந்து, "என்ன தவம், சுகமோ?" என்று கேட்டுவிட்டுத்தான் தங்கள் இடத்தில் போய் இருந்தார்கள்.

நான் மணவறைக்கு நேர் முன்னால், முழங்காலில். நல்ல இடம். நல்ல வெளிச்சம். ஐயர் தாலியை எடுத்துக் கொடுத்தார். மாப்பிள்ளை எழுந்தார். மேளம் உச்சத்துக்குப் போனது. விரல் பட்டனில்...

அப்போதுதான் என் முதுகுக்குப் பின்னால் அத்தனை கைகளும் உயர்ந்ததைக் கடைக்கண்ணால் கண்டேன்.

பூவும் அறுகரிசியும். அரிசி, மஞ்சள், நறுக்கிய அறுகம்புல் — எல்லாம் ஈரத்தோடு. அது மணமக்களுக்குப் போகவேண்டியது. எனக்கோ லென்ஸுக்கு வருவதாகத்தான் தெரிந்தது. மூளைக்கு முன்னால் கை வேலை செய்துவிட்டது. கமெராவைச் சட்டைக்குள் செருகி, அதன் மேல் குனிந்து, கண்ணையும் இறுக மூடிக்கொண்டேன். கண்ணை ஏன் மூடினேன்? தெரியாது.

திறந்தபோது தாலி ஏறியிருந்தது.

மெல்ல ஒதுங்கிப்போய்க் கமெராவைப் பார்த்தேன். தாலியோடு மாப்பிள்ளையின் கை — அருமையான படம். அடுத்த படம், என் சட்டைப் பொத்தான். என்ன துல்லியம். நூல் நூலாகத் தெரிந்தது. லென்ஸ் நல்ல லென்ஸ்தான்.

வந்தவர்களின் போன்களிலாவது இருக்காதா என்று கேட்டு வாங்கிப் பார்த்தேன். எல்லா வீடியோவிலும் மணமகளின் முகம் இருக்கவேண்டிய இடத்தில் என் முதுகு.

"அண்ணை, உதில நீங்கள் என்ன செய்யிறியள், விழுந்து கும்பிடுறியளோ?" என்றார் ஒருவர், தன் போனைத் திரும்ப வாங்கிக்கொண்டு.

தவத்தின் மனைவி பவானி அந்த நேரம் பார்த்துத்தான் வந்தாள்.

"படம் வடிவா வந்திட்டுதோ அண்ணை? இவர் அதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறார்."

"கார்ட்டில கிடக்கு பவானி. கொம்பியூட்டரில போட்டுத்தான் பாக்கவேணும்."

இதுதான் நான் கிணற்றடிக்கும் குசினிக்கும் நடந்த கதை.

மாலையில் மெசேஜ் நின்று, போன் மணி அடிக்கத் தொடங்கியது. நான் அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். மனைவி எடுத்து என் காதில் வைத்துவிட்டாள்.

"டேய், உயிரோட இருக்கிறியோ?"

"தவம்... அந்தப் படம் இல்லை மச்சான்."

"எந்தப் படம்?"

"தாலி ஏறின படம். அறுகரிசி லென்ஸில பட்டிடுமெண்டு... கமெராவைச் சட்டைக்குள்ள வச்சிட்டன்."

"தெரியும்."

"என்னெண்டு தெரியும்?"

"நான் கதிரையில இருந்து பாத்துக்கொண்டெல்லோ இருந்தனான். நீ முட்டையில கிடக்கிற கோழி மாதிரிக் குந்திக்கொண்டு கிடந்தாய். இஞ்ச என்னோட வேலை செய்யிறவங்களும் பாத்தவங்கள். நீ ஐயரின்ர ஆளோ எண்டு கேட்டவங்கள்."

"பிறகேன்டா மெசேஜ் போட்டுக் கொல்லுறாய்?"

"அதைத் திறந்து பாக்காத நாய்க்கு என்னத்தைச் சொல்ல?"

திறந்தேன்.

அவனுடைய போன் திரையை அவனே படமாகப் பிடித்து அனுப்பியிருந்தான். மங்கல். மாப்பிள்ளையின் கைகள் கழுத்துக்குப் பின்னால். அறுகரிசி மஞ்சள் கோடு கோடாக விழுகிறது. கீர்த்தனா மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை. நான் குந்தியிருந்த பக்கமும் பார்க்கவில்லை. முகத்தை முழுதாகத் திருப்பி அந்தக் கதிரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேல் மூலையில் சின்னச் சதுரத்தில் தவம் — தொப்பியைக் கழற்றி வாயில் பொத்திக்கொண்டு.

என் இடத்திலிருந்து நான் ஒழுங்காக எடுத்திருந்தால் அவளுடைய காதும் தோடும் கிடைத்திருக்கும். மிகத் துல்லியமாக.

"கொஞ்சம் மங்கலாக் கிடக்கு மச்சான்," என்றான். குரல் இறங்கியிருந்தது. "லொக்கரில ஒட்டுறதுக்கு உதைத்தான் வச்சிருக்கிறன். உன்ர கொம்பியூட்டரில போட்டு ஒருக்கா வடிவாக்கித் தாவன்."

போட்டேன். கூர்மையைக் கூட்டினேன்; பிள்ளையின் முகம் அரம் தேய்த்த பலகையானது. புள்ளிகளை அழித்தேன், மெழுகுப் பொம்மையானது. படத்தைக் கச்சிதமாக வெட்டிப் பார்த்தேன். தவம் வெளியே போய்விட்டான். எழும்பினேன், நடந்தேன், தேத்தண்ணி குடித்தேன், மறுபடி இருந்தேன். கடைசியில் செய்தது எல்லாவற்றையும் அழித்துவிட்டு, அவன் அனுப்பிய அதே படத்தை அப்படியே அவனுக்குத் திருப்பி அனுப்பினேன்.

உடனே பதில் வந்தது.

"இப்பதான்டா வடிவு. கையெண்டால் உன்ர கைதான்."

பாராட்டு வருகிற நேரத்தில் வாயை மூடிக்கொண்டிருப்பதும் ஒரு தொழில்நுட்பம்தானே.