நூற்று முப்பத்தேழு பெட்டிகள்

அறுபத்தெட்டு வயதில் நான் எழுதிய முதல் நிரல் நாற்பத்து மூன்று வரி. வேலம்பாளையத்தில் மருமகள் நடத்தும் பனியன் கம்பெனியின் பேக்கிங் கணக்குக்காக எழுதியது. பெட்டியை ஒட்டியதும் அதன் ஸ்டிக்கரைப் போனில் போட்டோ எடுப்பார்கள். அது இணையச் சேமிப்பிடமான கிளவுடில் போய் விழுந்ததும் ஃபங்ஷன் எனப்படும் என் நிரல் விழித்துக்கொள்ளும். தேதி, பெட்டி எண், சைஸ், உருப்படி எண்ணிக்கை நான்கையும் படித்துப் பட்டியலில் எழுதிவிட்டு அடங்கிவிடும். இதற்கென்று ஒரு கம்ப்யூட்டரை வாங்கி வைத்துக் காவல் இருக்க வேண்டியதில்லை. ஆனாலும் நான் காவல் இருந்தேன். ஒரு நாளைக்குப் பதினான்கு முறையாவது பட்டியலைத் திறந்து பார்ப்பேன்.

மருமகளுக்கு நேரடியாகக் கிடைத்த முதல் வெளிநாட்டு ஆர்டர் அது. பேக்கிங் தொடங்கிய மூன்றாம் நாள் பிற்பகல் மூன்று மணிக்கு, சரக்கை வாங்குபவர் அனுப்பும் ஆய்வாளர் வருவதாக ஏற்பாடு. பட்டியலும் பெட்டிகளும் ஒத்துப்போகாவிட்டால் சரக்கு கிளம்பாது.

முதல் நாள் 96 பெட்டி, பட்டியலிலும் 96. இரண்டாம் நாள் 104 பெட்டி, பட்டியலிலும் 104. என் கை எண்ணிக்கையோடு ஒத்துப்போனதால் நிம்மதியாகச் சாப்பிட்டேன். மூன்றாம் நாள் பன்னிரண்டரைக்கு 41 பெட்டியோடு வேலை முடிந்தது. மூன்று நாளும் சேர்த்து 241 இருக்க வேண்டிய பட்டியலைத் திறந்தால் அப்போதும் 104.

போட்டோ எடுக்கும் தேனிக்காரப் பெண்ணிடம் பாய்ந்தேன்.

"ஒழுங்கா அனுப்புனியா இல்லையா?"

"எல்லாம் அனுப்பியாச்சுங்கய்யா. நீங்கதேன் பக்கத்துலயே நின்னு எண்ணிக்கிட்டு இருந்தீக."

பேக்கிங்கில் இருந்த மற்ற ஏழு பெண்களும் சிரித்தார்கள். சத்தம் கேட்டு மருமகள் வந்தாள்.

"ஏனுங்க மாமா, மத்தியான மாத்திரை போட்டீங்களா?"

"மாத்திரை கெடக்குது அம்மிணி. நூத்தி முப்பத்தேழு பெட்டியக் காணோம்!"

அவள் பட்டியலைப் பார்த்தாள். "இது மொத்தப் பட்டியலுங்க. நேத்தே இருநூறு இருந்திருக்கோணுமே?"

உண்மைதான். முதல் இரண்டு நாளும் அதை அன்றன்றைய கணக்கு என்று நினைத்து நான் ஏமாந்திருந்தேன். தேனிக்காரப் பெண் எங்கள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

"ஐயா, ஒண்ணாம் நம்பர்ல எல் சைஸ்னு இருக்கு. அது இன்னைக்குக் காலையில ஒட்டுனது. மொத நாள் ஒண்ணாம் நம்பரு எஸ் சைஸாச்சே, அது எங்கிட்டுப் போச்சு?"

அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. பேக்கிங் பகுதியில் சிக்னல் சரியிருக்காது; ஒரே போட்டோ இரண்டு மூன்று தடவை போகும். ஒரு பெட்டி இரண்டாகிவிடக் கூடாதே என்ற பயத்தில், அதே எண் மறுபடி வந்தால் பழையதன் மேலேயே எழுது என்று ஃபங்ஷனுக்குச் சொல்லியிருந்தேன். ஆனால் உள்ளூர் சரக்கு பேக்கிங்கில் முப்பத்தொரு வருடம் பழகிய வழக்கப்படி, தினமும் காலையில் ஒன்றிலிருந்து எண் போடச் சொன்னதும் நான்தான். ஒவ்வொரு நாளின் பெட்டியும் முந்தைய நாளின் பெட்டியை அழித்திருக்கிறது.

எண்ணோடு தேதியையும் சேர்த்துப் பார்க்கும்படி ஒரு வரியை மாற்றினேன். புதியதைக் கிளவுடில் ஏற்ற ஐம்பத்திரண்டு விநாடி ஆனது. பழைய போட்டோக்கள் எல்லாம் அங்கேயே இருந்தன. சாயங்காலமானால் அவற்றை அழித்துவிட வேண்டும் என்று நச்சரித்தவன் நான். "இருந்துட்டுப் போகட்டுங்க மாமா" என்று இரண்டு நாளும் தடுத்தவள் மருமகள். பட்டியலைக் காலிசெய்துவிட்டு மூன்று நாள் போட்டோக்களையும் மறுபடி ஓட்டினோம். இரண்டாம் நாளின் ஒன்றாம் பெட்டி பழையதை அழிக்காமல் 97-ஆக வந்தபோது மூச்சு வந்தது. இரண்டு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கையில் 241-இல் வந்து நின்றது. ஒரு பெட்டியைக்கூடப் பிரிக்கவில்லை.

ஆய்வாளர் பதின்மூன்று பெட்டிகளைத் தேர்ந்தெடுத்துத் திறந்தார். பதின்மூன்றும் பட்டியலோடு ஒத்துப்போயின. கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பினார். "ஒரு வரியில முடிச்சுட்டீங்களே மாமா" என்றாள் மருமகள். யாருடைய தவறு என்ற பேச்சையே அவள் எடுக்கவில்லை. அந்தப் பெருந்தன்மைக்கு இன்றுவரை நான் சரியாக நன்றி சொன்னதில்லை.

தேனிக்காரப் பெண்ணிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று போனேன். மிச்ச டேப் சுருள்களை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"தப்பு என்னோடதும்மா. நீ பார்த்துச் சொல்லலைன்னா சரக்கு இங்கயே கிடந்திருக்கும். உன்னைப் போய்க் கத்திட்டேன்."

"மூணு தடவை கத்துனீகய்யா," என்றாள் அவள், தலையைத் தூக்காமலே. "நானும் எண்ணித்தேன் வச்சிருக்கேன்."

இரண்டு என்றுதான் எனக்கு நினைவு. ஆனால் அவள் எண்ணிக்கையைச் சந்தேகிக்க அன்று எனக்கு மனம் வரவில்லை.