தையலுக்குள் போடாத மருந்து

என் மகளின் முதுகெலும்பு பிறவியிலேயே ஒரு பக்கம் வளைந்திருந்தது. ஒன்பது வயதில், இங்கே திருவனந்தபுரத்தில், கம்பியும் திருகாணியும் வைத்து அதை நிமிர்த்தினார்கள். அறுவைக்கு முந்தின நாள் டாக்டர் எல்லாவற்றையும் விளக்கினார். தையல் போடுவதற்கு முன் புண்ணுக்குள்ளேயே ஒரு ஆன்டிபயாடிக்கைப் பொடியாகத் தூவுவோம், கம்பியில் கிருமி பிடிக்காமலிருக்க என்றார்.

"பவுடரா? மணக்குமா டாக்டர்?" என்றாள் மகள்.

"மணக்காது மோளே. வெளுப்பும் வராது."

அவள் சிரித்தாள். நான் மருந்தின் பெயரைக் கேட்டுக்கொண்டு என் நோட்டைத் திறந்தேன்.

அவளுக்குக் கொடுத்த மருந்து எல்லாவற்றையும் பிறந்த நாள் முதல் எழுதி வைத்திருக்கிறேன். ஐந்து வயதில் நிமோனியாவோடு வேறொரு மருத்துவமனையில் இருந்தபோது இதே மருந்தை டிரிப்பில் ஏற்றினார்கள். முகமும் கழுத்தும் சிவந்து, சொறிந்துகொண்டே இருந்தாள். அந்தப் பக்கத்தைக் காட்டினேன்.

"டிரிப் வேகமா ஓடியிருக்கும். அப்ப இப்படிச் சிவக்கும், அலர்ஜியா இருக்கணும்னு இல்ல. புண்ணுல போடுறது ரத்தத்துல அதிகம் சேராது, கேட்டோ."

"அலர்ஜி இல்லன்னு உறுதியா சொல்லலாமா டாக்டர்?"

"நூறு சதமானம் ஆர்க்கும் பறயான் பற்றில்ல, அம்மா. யாராலயும் முடியாது."

"அப்ப வேண்டாம்."

அவர் என் கணவரைப் பார்த்தார். "எல்லாம் அவதான் சார் படிச்சு வச்சிருக்கா," என்றார் இவர். அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. ஊசி வழியாக வேறு மருந்து மட்டும் கொடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு கண்ணாடி முன் நின்று, இரண்டு தோளும் ஒரே உயரத்தில் இருப்பதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். பன்னிரண்டாம் நாள் அவள் சட்டையின் முதுகில் ஈரம். வியர்வை என்று நினைத்து சட்டையை மாற்றினேன். மறுநாளும் ஈரம், கூடவே காய்ச்சல். ஒரு நாளை அப்படி வீணாக்கியதும் நான்தான்.

கிருமி கம்பி வரை போயிருந்தது. திறந்து கழுவ வேண்டும் என்றார்கள். வராந்தாவில் இவர் மெதுவாகச் சொன்னார்: "நோட்ட எடுத்துப் பாரேன். இதுக்கு என்ன செய்யணும்னு எழுதியிருக்கும்லா?" சொன்ன உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

டாக்டரிடம் கேட்டேன்: "அன்னைக்குப் பொடி போட்டிருந்தா இது வந்திருக்காதுல்ல?"

"அது சொல்ல முடியாது அம்மா. போட்டவங்களுக்கும் வந்திருக்கு. இந்தத் தடவை போடலாமா?"

ஆறுதலுக்காகத்தான் சொன்னார். ஆனால் எனக்குத் தேவைப்பட்டது, ஆமாம் அல்லது இல்லை. போடலாம் என்று தலையாட்டினேன்.

பொடி போட்டார்கள். மயக்கம் தெளிந்து வந்தவளின் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எழுதவே கூசுகிறது, ஆனாலும் உண்மை. லேசாகவாவது சிவக்காதா என்று வேண்டினேன். சிவந்தால் அன்றைக்கு நான் சொன்னது சரி என்றாகும். என் பிள்ளையின் உடம்பில் எனக்கான சாட்சியைத் தேடினேன். அவளுக்கு ஒன்றுமே ஆகவில்லை.

முதல் அறுவை முடிந்து பத்து வாரமாகிறது. இரண்டு முறை கழுவியும் சீழ் நிற்கவில்லை. அடுத்த வாரம் கம்பிகளை எடுத்துவிடப் போகிறார்கள். எடுத்தால் மறுபடியும் வளையும்.

"அப்ப இதெல்லாம் வெறுதேயா அம்மா?" என்று ஒருக்களித்துப் படுத்தபடியே கேட்டாள். வீணா என்று கேட்கிறாள். தலைமுடியைக் கோதினேன்.

இன்று காலை சம்மதப் படிவம் வந்தது. பேனாவோடு இவரிடம் நீட்டினேன்.

"இந்தத் தடவ நீங்க கையெழுத்து போடுங்க. எனக்கு முடியாது."

"நான் போட்டு, ஏதாவது ஆச்சுன்னா? என்னைச் சும்மா விடுவியா நீ?"

விடமாட்டேன் என்று எனக்கும் தெரியும். பேனாவைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.