கடைசி சீட்டும் லாரி நம்பரும்

போன வாரம் காஞ்சிபுரம் பஸ்ஸில் வரதனுக்குக் கோபம் வந்துவிட்டது.

காலேஜ் பசங்க இரண்டு பேர் முன்னால் போன லாரியின் நம்பர் பிளேட்டைக் காட்டி, "சார், நீங்கள்லாம் இதுல இங்கிலீஷ் வார்த்தை கண்டுபிடிப்பீங்களாமே, ஒரு ஆட்டம் போடலாமா?" என்று கேட்டார்கள். அவ்வளவுதான்.

"மூடிக்கினு வாங்கடா!"

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. வரதன் சாது. பட்டு சொசைட்டியில் கணக்கு எழுதுகிறவர். அவர் ஏன் கத்தினார் என்று அந்தப் பசங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். சொல்கிறேன்.

உத்திரமேரூரிலிருந்து காலை பஸ்ஸில் தினமும் காஞ்சிபுரத்துக்கு வேலைக்குப் போகிற கூட்டம் நாங்கள். கடைசி நீள சீட் எங்களுடையது. ஆனால் எல்லோருக்கும் இடம் போதாது. யாராவது ஒருவர் நின்றே ஆகவேண்டும். அதற்காக வந்ததுதான் ஆட்டம். எதிரில் வருகிற வண்டியின் நம்பரில் இருக்கிற மூன்று எழுத்து — அதே வரிசையில் அந்த எழுத்துகள் வருகிற இங்கிலீஷ் வார்த்தை ஒன்று சொல்லவேண்டும்; நடுவில் வேறு எழுத்து இருக்கலாம். டி, எம், ஆர் என்றால் 'டிம்பர்'. நிற்கிறவர் முதலில் சொல்லிவிட்டால், உட்கார்ந்திருப்பவர்களில் ஒருவர் எழுந்து இடம் கொடுக்க வேண்டும். கண்டக்டர்தான் நடுவர்.

திருப்புலிவனத்தில் ஒரு பெண் ஏறுவாள். சரோஜா என்று வைத்துக்கொள்ளுங்கள். காஞ்சிபுரத்தில் டைப் கிளாஸ். ஹையர் பரீட்சை எழுதி ஒரு வேலைக்குப் போய்விட வேண்டும் — அதுதான் அவளுக்கு மூச்சு. அவள் ஏறும்போது சீட் ஏது? கம்பியைப் பிடித்துக்கொண்டு எங்கள் கூத்தைக் கேட்டுக்கொண்டே வருவாள்.

ஒரு நாள் மாகறல் தாண்டி ஒரு லாரி. டி, என், க்யூ.

க்யூவா! எல்லோரும் கூரையைப் பார்த்தோம். வரதன் கண்ணை மூடிக்கொண்டார். அப்போது கம்பிப் பக்கமிருந்து மெதுவாக ஒரு குரல்.

"ட்ராங்க்வில்..."

"அப்பிடி ஒண்ணு கீதா?" என்றார் கண்டக்டர்.

"கீதுய்யா! அமைதியானதுன்னு அர்த்தம்," என்று துள்ளி எழுந்தார் வரதன். "சட்டம்னா சட்டம்தான். உக்காரும்மா."

"வேணாங்கண்ணா..."

"ஜெயிச்சிட்டு இன்னா கூச்சம்? உக்காரு," என்றார் கண்டக்டர்.

உட்கார்ந்தாள். ஜன்னல் ஓரம். நாங்கள் கை தட்டினோம். வரதன் காஞ்சிபுரம் வரை நின்றுகொண்டே வந்தார் — தன் பெண்ணே ஜெயித்த மாதிரி முகம்.

அத்தோடு விட்டிருக்கலாமே? விட்டாரா மனுஷன்?

ஞாயிற்றுக்கிழமை உரக்கடையில் அந்தப் பெண்ணின் அப்பாவைப் பார்த்திருக்கிறார். சுற்றிலும் ஊர்க்காரர்கள் யூரியாவுக்கு நிற்கிறார்கள். இவர் சத்தமாக, "நைனா, உங்க பொண்ணு இங்கிலீஷ்ல எங்க எல்லாரையும் தூக்கி சாப்ட்டுச்சி! கடைசி சீட்ல எங்ககூட ஜம்முனு உக்காந்துகினு வந்துச்சி!"

"கடைசி சீட்லயா?"

"ஆமா! என் சீட்ல!"

பாராட்டுகிறாராம்.

திங்கட்கிழமை திருப்புலிவனத்தில் பஸ் நின்றது. அவள் ஏறவில்லை. அந்த வாரம் முழுக்க ஏறவில்லை. பரீட்சைக்கு ஒரு மாதம்கூட இல்லை.

வரதன் என்னையும் இழுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனார். அப்பா களத்தில் நெல் தூற்றிக்கொண்டிருந்தார். முறத்தைக் கீழே வைக்கவில்லை.

"அது வெளாட்டுங்க. சும்மா எழுத்து வெளாட்டு," என்றார் வரதன்.

"வெளாட்றதுக்கா பஸ் ஏத்தி அனுப்பினேன்?"

"தப்பு என்னுதுங்க. பரீட்சையாவது எழுதட்டும்."

"நீ நல்லவன்தான்யா. ஆனா உரக்கடையில நின்னவன் ஒவ்வொருத்தனும் வூட்டுக்கு வந்து, 'இன்னாபா, உன் பொண்ணு ஆம்பளைங்க நடுவுல குந்திகினு போவுதாமே'ன்னு கேக்குறான். அவனுக்கு நீ பதில் சொல்லுவியா? பேஜார் பண்ணாம போங்க."

வந்துவிட்டோம். வேறு என்ன செய்ய? தை மாதம் அவளுக்குக் கல்யாணம். எங்களுக்குப் பத்திரிகை வரவில்லை. வரதன் பிறகு ஆட்டத்துக்கு வரவில்லை. அவர் வராத ஆட்டம் தானாகச் செத்தது. இப்போது கடைசி சீட்டில் எல்லோரும் தூங்கிக்கொண்டு போகிறோம்.

எனக்கு யார்மேல் கோபம்? அவள் அப்பாமேல் கோபம். யூரியா வாங்க வந்து வம்பு வாங்கிக்கொண்டு போனவர்கள்மேல் கோபம். வரதன்மேல்கூட கோபம்தான். ஒரு பையன் ஜெயித்தால் என்ன சொன்னான் என்று கேட்கிற ஊர், ஒரு பெண் ஜெயித்தால் எங்கே உட்கார்ந்தாள் என்று கேட்கும். இது தெரியாமல் நாற்பது வயது வரை எப்படி வளர்ந்தார்?

இரண்டு வருஷம் கழித்து ஒரு சித்திரையில் உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தேன். இடுப்பில் குழந்தை.

"வரதன் அண்ணா எப்டி கீறாரு?" என்றாள்.

"அவரு இன்னும் உன்னை நெனச்சி வருத்தப்பட்டுகினுதாம்மா கீறாரு."

"அவரு இன்னா பண்ணுவாரு பாவம்." குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். "ஒண்ணு சொல்லட்டாண்ணா? எங்க உக்காந்தே, பக்கத்துல எவன் உக்காந்தான், எம்மாம் நேரம் உக்காந்தே... வூட்ல அத்தினி கேள்வி கேட்டாங்க. இன்னா வார்த்தை சொன்னேன்னு ஒருத்தர்கூட கேக்கலண்ணா."

பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டாள்.

கேட்காதவர்களுக்காக அச்சிலேயே போடுகிறேன்: ட்ராங்க்வில். முழு மார்க், அம்மா.