மனப்பாடம் வராத அக்கா

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் உத்தமபாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் ஆசிரியையாக இருந்தேன். வயது இருபத்தாறு. காலையில் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பேன். சாயங்காலம், ஞானஸ்நானம் பெற விரும்பும் பெண்களுக்கு ஞானோபதேசக் கேள்வி பதில். அந்த வருஷம் எனக்கு வாய்த்தவர் ஒரே ஒருத்தர்தான்.

ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஊர்க்காரர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர் என்பதால் அக்கா என்று கூப்பிடுவேன். புருஷன் குளிர்காய்ச்சலில் போய்விட, கொழுந்தனின் காட்டில் பருத்திக்குக் களையெடுத்துப் பிழைத்துவந்தார். சந்தைக்குப் போன ஒரு நாள், மரத்தடியில் நின்று மிஷன் ஊழியர் ஒருவர், தன்னோடு சிலுவையில் தொங்கிய திருடனிடம் 'இன்றைக்கே நீ என்னோடு பரதீசில் இருப்பாய்' என்று இயேசு சொன்ன கதையைச் சொல்லக் கேட்டிருக்கிறார். தலைச்சுமையை இறக்கி வைத்துவிட்டு முழுவதும் கேட்டாராம். அடுத்த வாரமே பள்ளிக்கூட வாசலில் வந்து நின்று, அந்தத் திருடனைச் சேர்த்துக்கொண்டவரிடம் தானும் சேர வேண்டும் என்றார்.

பாடம் மட்டும் ஏறவே இல்லை. பத்துக் கட்டளைகளில் மூன்றைத் தாண்ட மாட்டார். விசுவாசப் பிரமாணத்தில் பாதி வழியில் கண் சொருகும். பகலெல்லாம் வெயிலில் குனிந்து நின்ற உடம்பு. ஐந்து மாதம் இப்படியே போனது. ஒருநாள் பொறுமை இழந்து, இப்படி இருந்தால் பரீட்சை பார்க்க வரும் போதகர் உங்களைத் திருப்பி அனுப்பிவிடுவார் என்று சற்றுக் கடுமையாகவே சொல்லிவிட்டேன். அவர் வருத்தப்படவில்லை. அந்தத் திருடன் கதையை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்.

என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். என் அப்பா திருநெல்வேலிப் பக்கத்தில் உபதேசியார். ஏழு வயதுக்குள் ஞானோபதேசம் முழுவதும் எனக்குத் தலைகீழாகத் தெரியும். ஆனால் என் அம்மா, ஆயுசு முழுக்கக் கோயிலுக்குப் போன அம்மா, சாகக் கிடந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னை ஏத்துக்கிடுவாரா?" என்று கேட்டார். பதில் எனக்குத் தெரியும். வாய் வரவில்லை. அதன்பின் அந்தக் கேள்வி என்னுடையதாகிவிட்டது. வெள்ளிக்கிழமைதோறும் பட்டினி கிடந்தேன். முழங்கால் கறுக்கும்வரை ஜெபித்தேன். எழுந்தவுடன், நான் மனம் வருந்தியது போதுமா, என் விசுவாசம் உண்மைதானா என்ற சந்தேகம் வரும். இதை யாரிடமும் சொன்னதில்லை. ஆசிரியை எப்படிச் சொல்வது?

போதகர் பெரியகுளத்திலிருந்து பஸ்ஸில் வந்தார். அக்கா துவைத்த சேலை கட்டிக்கொண்டு வகுப்பறைப் பாயில் உட்கார்ந்திருந்தார். முதல் கேள்விக்குப் பதில் இல்லை. இரண்டாவதற்கும் இல்லை. கட்டளைகள் மூன்றோடு நின்றன. போதகர் என்னைப் பார்த்தார். நான் தலை குனிந்துகொண்டேன். அவர் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கேட்டார்.

"தாயி, நாளைக்கே நீ கடவுள் முன்னால போய் நிக்கிறேன்னு வச்சுக்க. உன்னை எதுக்கு உள்ள விடணும்னு கேட்டா என்ன சொல்லுவ?"

அக்கா நிமிர்ந்து பார்த்தார். "நான் என்னத்தச் சொல்ல, சாமி? எனக்குத்தான் ஒண்ணும் மனசுல நிக்க மாட்டேங்குதே. இயேசுசாமி அங்கன இருப்பாகல்ல? அவுக மொகத்தப் பாத்துக்கிட்டு நிப்பேன். எனக்காகச் செத்தவுக அவுகதானே. சொல்ல வேண்டியத அவுக சொல்லிக்கிருவாக."

"சொல்லலைன்னா?"

"அந்தத் திருடனுக்குச் சொன்னாகளே."

போதகர் கண்ணாடியைக் கழற்றி வேட்டி முனையில் துடைத்தார். ஞாயிற்றுக்கிழமையே ஞானஸ்நானம் என்றார்.

நான் கிணற்றடிக்குப் போய் நின்றேன். இத்தனை வருஷமும் நான் பார்த்துக்கொண்டிருந்தது என்னைத்தான். என் ஜெபம், என் கண்ணீர், என் விசுவாசத்தின் அளவு. கிறிஸ்துவைப் பற்றி எல்லாம் தெரிந்திருந்தும் அவரை ஏறிட்டுப் பார்க்கவில்லை. ஆண்டவரே, என்னிடம் ஒன்றுமில்லை, உம்மையே நம்பி நிற்கிறேன் என்று மட்டும் சொன்னேன். ஒளி எதுவும் தெரியவில்லை, அழுகையும் வரவில்லை. ஆனால் அந்த வெள்ளிக்கிழமை பசித்தபோது சாப்பிட்டேன். அம்மாவை நினைத்தபோது பயமாக இல்லை. அவர் குரல் நடுங்கியது உண்மை. அவரைப் பிடித்திருந்த ஆண்டவரின் கை நடுங்கியிருக்காது.

ஞானஸ்நானத்துக்குப் பிறகு கொழுந்தன் கோபித்துக்கொண்டு அக்காவைக் காட்டுக்குள் விடவில்லை. அவர் வேறு ஊர்களுக்குக் களையெடுக்கப் போனார். பருத்தி வெடித்து ஆள் கிடைக்காதபோது கொழுந்தனே வந்து கூப்பிட, ஒன்றும் நடக்காததுபோல் போய்விட்டார்.

ஒரு வருஷம் கழித்துத்தான், அன்று எனக்கு நேர்ந்ததை அவரிடம் சொன்னேன். வாய்பிளந்து கேட்டார்.

"அப்படியா டீச்சரம்மா? நான் அன்னைக்குப் பெயிலுன்னுல்ல நெனச்சேன்" என்று சிரித்தார். ஆற்றில் தண்ணீர் ஏறுவதற்குள் அக்கரை சேர வேண்டும் என்று சொல்லிவிட்டு, கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தார்.